எத்தனை ஆய்வு செய்தீர்கள் என்று யார் கேட்டார்கள்?

மார்ச் 4ஆம் தேதி வந்தால் போதும், தமிழ்நாட்டின் பெரிய தொழிற்சாலைகளில் விழாக்கோலம்தான். தேசிய பாதுகாப்பு தினம். கொடி ஏறும், உறுதிமொழி வாசிப்பார்கள், சுவரொட்டிப் போட்டி, வினாடி வினா, கூடவே ஒரு கவிதைப் போட்டி. மேடையில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அதிகாரி ஒருவர் சிறப்பு விருந்தினராக உட்கார்ந்திருப்பார். ‘பாதுகாப்பே பிரதானம்’ என்று பேசிவிட்டுப் பொன்னாடையோடு கிளம்புவார்.

அதே மாநிலத்தில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் போனால் பாதுகாப்பு தினத்துக்குத் தனித் தேதி கிடையாது. தூரத்தில் ‘டமார்’ என்று ஒரு சத்தம் கேட்டால், எந்தத் திசையில் புகை எழுகிறது என்று ஊரே வாசலுக்கு வந்து பார்க்கும். வேலைக்குப் போனவர்களின் செல்போனுக்கு அடித்துக்கொண்டே இருப்பார்கள். அன்று சாயங்காலம் தொலைக்காட்சியில் வரும் வரிகள் எல்லோருக்கும் மனப்பாடம்: மருந்துக் கலவையின்போது உராய்வு, அறைகள் தரைமட்டம், போர்மேன் கைது, உரிமையாளர் தலைமறைவு, முதல்வர் நிவாரணம் அறிவிப்பு. ஊர்ப் பெயரையும் எண்ணிக்கையையும் மாற்றினால் போன வருடச் செய்தியை இந்த வருடமும் வாசித்துவிடலாம்.

இந்த இரண்டு காட்சிக்கும் ஒரே துறைதான் பொறுப்பு. அந்தத் துறையை எப்படி மதிப்பிடுவது?

துறையிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கும். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வரும்போது தொழிலாளர் நலத்துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் வைப்பார்கள். பதிவு பெற்ற தொழிற்சாலைகள் இத்தனை, நடந்த ஆய்வுகள் இத்தனை, தொடுத்த வழக்குகள் இத்தனை, வசூலான அபராதம் இவ்வளவு, பயிற்சி பெற்றவர்கள் இத்தனை பேர். எண்களுக்குக் குறைச்சலே இல்லை. ஆனால் வணிகவியல் முதலாம் ஆண்டு மாணவன்கூடக் கேட்கிற ஒரு கேள்விக்கு அதில் பதில் தேடினால் தலை சுற்றும்: இவ்வளவும் செய்ததால் என்ன குறைந்தது?

ஒரு கம்பெனி தன் பங்குதாரர்களைக் கூப்பிட்டு, “இந்த வருடம் நாங்கள் 4,000 வவுச்சர் போட்டோம், 300 மீட்டிங் நடத்தினோம், 50 பேரை டூர் அனுப்பினோம்” என்று பெருமையாகச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘அதெல்லாம் சரி சார், லாபமா நஷ்டமா?’ என்று யாராவது எழுந்து கேட்பார்களா மாட்டார்களா? ஆய்வும் பயிற்சியும் வழக்கும் செலவுப் பக்கம் எழுத வேண்டியவை. அவற்றை வரவில் எழுதி விழா எடுப்பதுதான் இங்கே நடக்கிறது.

முதலிப்பட்டியை எடுத்துக்கொள்ளலாம். 2012 செப்டம்பர் 5. சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரிய பட்டாசு ஆலை வெடித்ததில் இறந்தவர்கள் 38 பேர். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலையே பார்க்காதவர்கள். முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவிக்கும் வேடிக்கை பார்க்கவும் ஓடிவந்த ஊர்க்காரர்கள். இதில் வயிற்றெரிச்சல் எங்கே என்றால், விதிமீறலுக்காக அந்த ஆலையின் உரிமம் அதற்குச் சற்று முன்புதான் நிறுத்திவைக்கப்பட்டது என்று அப்போது செய்தி வந்தது. அதாவது ஆய்வு நடந்திருக்கிறது, தப்பு பிடிபட்டிருக்கிறது, உத்தரவும் போட்டாகிவிட்டது. துறைகளின் புத்தகத்தில் அந்த ஆய்வு ‘வெற்றி’ என்ற கணக்கில்தான் வரும். ஆலை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

(இங்கே ஒரு விஷயம். வெடிபொருள் உரிமம் கொடுப்பது மத்திய அரசின் வெடிபொருள் கட்டுப்பாட்டு அமைப்பு. தலைமையகம் நாக்பூரில். மருந்தின் அளவைப் பொறுத்து நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், மாவட்ட வருவாய் அலுவலர் தரும் டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று மூன்று படி. தொழிற்சாலைச் சட்டத்தை அமல்படுத்துவது மாநில அரசின் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம். போலீஸ் தனி, தீயணைப்பு தனி. விபத்து நடந்த பிறகு யாரைக் கேட்டாலும் விரல் அடுத்த கட்டிடத்தைக் காட்டும். ஐந்து பேர் காவல் காக்கும் தோட்டத்தில் மாங்காய் மிஞ்சாது.)

சுமார் எட்டரை வருடம் கழித்து, 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம். சுமார் 20 உயிர். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து ஒரு குழுவை அனுப்பியது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, ஆலையைத் துண்டு துண்டாகப் பலருக்கு உள்குத்தகைக்கு விட்டிருந்தது வெளியே வந்தது. அந்த வட்டாரத்தில் டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரிந்த ரகசியம் இது! லைசென்ஸ் வைத்திருப்பவர் நகரத்தில் இருப்பார். உள்ளே நாலைந்து குத்தகைதாரர்கள். ஆளுக்கு இத்தனை அறை. சீசன் முடிவதற்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். பாதுகாப்புக்குச் செலவு செய்தால் அந்தச் சுவரும் கதவும் அடுத்த வருடம் வேறு யாருக்கோ போய்விடும். அவர் ஏன் செலவு செய்வார்? வாடகை வீட்டுக்கு யார் மொட்டைமாடியில் தளம் போடுவார்கள்?

ஆய்வுக்கு வருகிறவர் கையில் இருக்கும் படிவத்தில் தீயணைப்பு வாளி இருக்கிறதா, இடிதாங்கி இருக்கிறதா, அறைக்கும் அறைக்கும் இடைவெளி சரியா, ஒரு அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கிறார்களா என்றெல்லாம் கட்டம் இருக்கும். எல்லாம் தேவையான கேள்விகள்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் ‘இந்த அறையை நடத்துவது யார், இவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்’ என்று கேட்டு, பதிலைக் கூலி நோட்டோடு ஒத்துப் பார்க்காமல் மற்ற கட்டங்களை நிரப்பி என்ன பயன்? தணிக்கை படிப்பவர்களுக்கு முதல் பாடமே இதுதான்: ஆவணம் சொல்வதை ஆவணத்தைக் கொண்டே சரிபார்க்காதே.

சரி, விஷயத்தின் நடுப்பகுதிக்கு வரலாம். கூலி.

பட்டாசுத் தொழிலில் பெரும்பாலான வேலைக்குத் துண்டுக் கூலி. திரி செருகினால் இத்தனைக்கு இவ்வளவு, சரம் பின்னினால் இவ்வளவு, குழாயில் மருந்து செலுத்தினால் இவ்வளவு. எவ்வளவு வேகமோ அவ்வளவு காசு. வேகத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, வருடத்துக்கு ஒரு நாள் வகுப்பில் உட்காரவைத்து ‘நிதானமாக வேலை செய்யுங்கள் அம்மா’ என்று சொல்வதற்குப் பெயர் பயிற்சித் திட்டமாம்! சிவகாசியில் இதற்கென்று பயிற்சி மையமே உண்டு. போர்மேன்களுக்கும் மருந்து கலக்குபவர்களுக்கும் வகுப்பு எடுக்கிறார்கள். கெட்ட காரியம் என்று யாரும் சொல்லவில்லை. வகுப்பில் சொல்வதும் நியாயம்தான்: கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் போ, மீந்த மருந்தை இரவில் வைக்காதே, மரத்தடியில் உட்கார்ந்து வேலை பார்க்காதே. முந்தின நாள் மீந்த கலவை ஈரத்தை இழுத்துக்கொண்டு உள்ளுக்குள் சூடேறும். அலுமினியப் பொடி கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம், மறுநாள் காலையில் தொட்டதும் தீப்பிடிக்கக் காத்திருக்கும். இதெல்லாம் அந்தத் தொழிலில் இருபது வருடம் ஊறிய பெண்ணுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்க் கொஞ்சமாக மருந்து வாங்கிவந்தால் அன்றைய கூலியில் எவ்வளவு குறையும் என்பதும் தெரியும்.

ஆக, ஆபத்தின் வேர் கூலிப் பட்டியலில் இருக்க, மருந்து தொழிலாளியின் மூளைக்குக் கொடுக்கப்படுகிறது. விபத்து நடந்ததும் “தொழிலாளரின் கவனக்குறைவே காரணம்” என்று ஒரு வரி வரும் பாருங்கள், அந்த வரி எல்லோருக்கும் சௌகரியம். முதலாளிக்கு, போலீசுக்கு, துறைக்கு. மறுத்துப் பேச வேண்டியவர்தான் உயிரோடு இல்லையே.

தொழிற்சாலைச் சட்டத்தில் போபாலுக்குப் பிறகு, 1987இல், நல்ல நல்ல பிரிவுகள் சேர்த்தார்கள். ஆபத்தான செயல்முறை உள்ள ஆலைகளில் நிர்வாகமும் தொழிலாளர்களும் சம எண்ணிக்கையில் உட்காரும் பாதுகாப்புக் குழு. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் எடுத்துச் சொல்ல தொழிலாளிக்கு உரிமை. கேட்கவே காது குளிர்கிறது. துண்டுக் கூலிக்கு வரும் ஒரு பெண், வேனில் கூட்டிவந்த ஏஜென்டையும் போர்மேனையும் தாண்டி, இந்த உரிமையை எப்போது எங்கே யாரிடம் பயன்படுத்துவார்? எத்தனை பேர் அப்படிச் சொன்னார்கள், சொன்னவர்களில் எத்தனை பேருக்கு அடுத்த வாரமும் வேலை இருந்தது என்பதைத் துறை தன் சாதனைப் பட்டியலில் சேர்க்கட்டும். அப்போது தெரியும் திட்டத்தின் யோக்கியதை.

அடுத்தது அபராதம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கதையின் மோசமான பகுதி இதுதான்.

அதே 1987 திருத்தத்தில் தண்டனைத் தொகையும் வைத்தார்கள். விதிமீறலுக்கு அதிகபட்சம் 2 ஆண்டு சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீறலால் ஒரு உயிர் போயிருந்தால் அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. அன்றைக்கு ஒரு பவுன் தங்கம் சுமார் 2,000 ரூபாய். ஆக ஒரு உயிருக்குக் குறைந்தபட்சம் 12 பவுன். அந்த 25,000 அப்படியே 38 வருடம் நின்றது. 2025 நவம்பரில் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. அந்தக் கணக்கில் உயிரின் குறைந்தபட்ச விலை கால் பவுனுக்குக் கொஞ்சம் மேல். ஒரு ஜோடி சின்னக் கம்மல்!

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்துக்குப் புதிய பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. உயிரிழப்புக்கு இனி குறைந்தது 5 லட்சம் அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குத் தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். கைதட்டலாமா? தட்டுவதற்கு முன் அதையும் பவுனில் போட்டுப் பாருங்கள். ஐந்தரைப் பவுன்கூட வராது. 1987இல் வைத்ததில் பாதிகூட இல்லை. (தங்கத்தை வைத்து எல்லாம் அளக்கக் கூடாது என்று எகனாமிக்ஸ் வாத்தியார் கோபித்துக்கொள்வார். சரி, விலைவாசிக் குறியீட்டை வைத்தால் புதிய தொகை பழையதைவிடத் தேவலாம்தான், ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நடுவில் கடந்த 38 வருடத்துக்கு யார் பதில் சொல்வது?) அச்சங்குளத்தில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு ஆளுக்கு 20 லட்சம் இழப்பீடு என்று பசுமைத் தீர்ப்பாயம் கணக்குப் போட்டதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே உயிர்தான், கவுன்டருக்குக் கவுன்டர் விலை மாறுகிறது.

தொகை ஒரு பாதி. பிடிபடுகிற வாய்ப்பு மறுபாதி. இரண்டையும் பெருக்கினால்தான் முதலாளியின் உண்மையான செலவு. ஆய்வு என்றால் எப்படி நடக்கிறது? விபத்து நடந்த மறுநாள் சிறப்பு ஆய்வுக் குழுக்கள் கிளம்பும். கிளம்பிய செய்தி குழுவைவிட வேகமாகப் போய்ச் சேரும். கேட்டுகள் பூட்டப்படும். ‘ஆய்வுக்குப் பயந்து ஆலைகள் மூடல்’ என்று பேப்பரில் வரும். பத்து நாள் கழித்துக் குழு ஓய்ந்ததும் கேட் திறக்கும். மருந்து கலக்கும் வேலை விடிகாலையிலேயே தொடங்கிவிடும், ஆபீஸ் நேரமோ பத்து மணிக்கு. இந்த லட்சணத்தில் பழைய சட்டப்படி, குற்றம் ஆய்வாளருக்குத் தெரியவந்த மூன்று மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும், இல்லையென்றால் கோர்ட் எடுத்துக்கொள்ளாது. ஒரு ஃபைல் மேசை மாறுவதற்கே மூன்று மாதம் ஆகும் ஊர் இது.

“துறையில் ஆள் பற்றாக்குறை, அவர்களும் என்ன செய்வார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. உண்மையாகவே இருக்கலாம். விருதுநகர் மாவட்டத்தில் உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் மட்டுமே ஆயிரத்துக்கு மேல். அத்தனையையும் ஓடி ஓடிப் பார்க்க முடியாதுதான். அப்படியானால் எங்கே போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும் அல்லவா? உள்குத்தகை சந்தேகம் உள்ளவை, பேன்சி ரகம் செய்பவை, முன்பு உரிமம் நிறுத்தப்பட்டவை என்று வடிகட்டினால் பட்டியல் சுருங்கும். எல்லா ஆலைக்கும் சமமாகப் போய், எண்ணிக்கையை ஏற்றி, ‘இலக்கு எட்டப்பட்டது’ என்று எழுதுவது ஆள் பற்றாக்குறையால் வருகிற வியாதி கிடையாது.

இன்னொரு வாதம் கனமானது. கெடுபிடி அதிகமானால் தொழில் வீடுகளுக்குள் போய்விடும் என்பது. இது நடந்துகொண்டுதான் இருக்கிறது. வெம்பக்கோட்டை, தாயில்பட்டிப் பக்கம் வீட்டில் திருட்டுத்தனமாகப் பட்டாசு செய்து வெடித்த செய்தி அடிக்கடி வருகிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை போட்ட பிறகு, வெளிப்படையாகச் செய்ய முடியாததை மறைவாகச் செய்யும் ஆசையும் சேர்ந்துகொண்டது. ஆனால் இந்த வாதத்தை முன்வைப்பவர்கள் ஒன்றை வசதியாக மறந்துவிடுகிறார்கள். வீட்டில் வெடித்தால் அது ‘தொழிற்சாலை விபத்து’ என்ற கணக்கிலேயே வராது, போலீஸ் வழக்கோடு போய்விடும். அதாவது ஆபத்து ஆலையிலிருந்து அடுப்படிக்கு இடம் மாறினால் துறையின் புள்ளிவிவரம் அழகாகிவிடும்! இப்படி ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டு விபத்து குறைந்துவிட்டது என்று யார் சொன்னாலும் நம்புவதற்கு முன் ஒரு தடவை வெம்பக்கோட்டைக்கு பஸ் ஏறுவது நல்லது.

விருதுகளிலும் இதே கூத்து. விபத்தே இல்லாமல் அதிக மணி நேரம் ஓட்டிய ஆலைக்கு விருது, விபத்து விகிதத்தைக் குறைத்த ஆலைக்கு விருது. நல்ல எண்ணம்தான். ஆனால் 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயம் என்றால் துறைக்குத் தகவல் தர வேண்டும் என்பது விதியாக இருந்தபோது, விரல் நசுங்கிய ஒப்பந்தத் தொழிலாளியை மறுநாளே ஆபீஸில் உட்காரவைத்து ‘லைட் டியூட்டி’ என்று எழுதிவிட்டால் விபத்தும் இல்லை, விருதும் நிச்சயம். எதை அளக்கிறோமோ அதைத்தான் ஜோடிப்பார்கள் என்பது கணக்குப் பதிவியல் படித்த எவருக்கும் தெரிந்த சங்கதி.

இது தமிழ்நாட்டின் தனிக் கோளாறும் இல்லை. அமெரிக்காவில் 1982 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. முன்மாதிரியாக இருக்கும் பணியிடங்கள் தாமாக முன்வந்து சேரலாம், சேர்ந்துவிட்டால் வழக்கமான திட்டமிட்ட ஆய்வுகளிலிருந்து விலக்கு. 2009இல் அந்த நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு இதைக் கையில் எடுத்தது. உயிரிழப்பு நடந்த இடங்கள்கூட, தொடர்ந்து திட்டத்தில் இருக்கத் தகுதி உண்டா என்று பார்க்கப்படாமலே பட்டியலில் இருந்ததும், திட்டத்தால் என்ன பலன் என்று அளக்க இலக்கோ அளவுகோலோ வைக்கப்படாததும் அந்த அறிக்கையில் அச்சாகி வந்தன. உறுப்பினர் எண்ணிக்கை மட்டும் ஐந்தே வருடத்தில் இரட்டிப்பாகியிருந்தது. அதே வியாதிதான், கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. வித்தியாசம் என்னவென்றால், அங்கே வெளியாள் ஒருவர் உட்கார்ந்து ‘பலன் என்ன’ என்று கேட்டார், கேட்டதை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார்.

இங்கே அதைக் கேட்க இதுதான் சரியான சமயம். புதிய சட்டத் தொகுப்பில் ஆய்வாளருக்கு ‘ஆய்வாளர் மற்றும் வழிகாட்டி’ என்று பெயர் மாற்றம். எந்த ஆலைக்குப் போவது என்பதைக் கணினி குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறைக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். மின்சாரம் பயன்படுத்தாத இடத்தில் 20 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்த சாதாரண வரம்பு 40 ஆகியிருக்கிறது. ஆபத்தான தொழில் என்று அரசு அறிவித்தால் ஆள் எண்ணிக்கை பார்க்காமல் சட்டத்தைப் பாய்ச்சவும் வழி வைத்திருக்கிறார்கள். அந்த வழியைப் பட்டாசுக்குத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும். குலுக்கலில் பிஸ்கட் கம்பெனியும் மருந்துக் கலவை அறையும் ஒரே தொப்பிக்குள் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதைவிட முக்கியம், ஆலை வாரியாக ஒரு பட்டியல். கடைசியாக எப்போது ஆய்வு, என்ன தவறு, சரிசெய்யக் கொடுத்த கெடு, சரிசெய்தார்களா, நிறுத்திவைத்த உரிமம் எந்தத் தேதியில் யார் கையெழுத்தில் திரும்பக் கிடைத்தது, போன உயிர் எத்தனை, அந்த வழக்கு இப்போது எந்த நிலையில். இவ்வளவையும் தமிழில், ஆலைப் பெயரோடு, எவர் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிடுவதற்குப் புது அதிகாரியோ புதுக் கட்டிடமோ வேண்டாம். தகவல் எல்லாம் ஏற்கெனவே ஏதோ ஒரு ஃபைலில் இருக்கிறது. வேன் ஏறுவதற்கு முன் அந்த ஊர்ப் பெண்ணின் மகனோ மகளோ செல்போனில் தட்டிப் பார்த்து, “அம்மா, அந்த ஆலைக்கு லைசென்ஸை நிறுத்தியிருக்காங்களாம், இன்னைக்குப் போகாதே” என்று சொல்லும் அளவுக்காவது.

முதலிப்பட்டியில் அந்தச் செப்டம்பர் காலையில் இந்த ஒரு வரி யார் கண்ணிலும் படவில்லை.